நிலவறைக் குளிரும் புகை பீரும்: ஃபிராங்கோனியா நாட்குறிப்பு

வியாழன், நூரம்பெர்க்

ஜெர்மனியில் பீர் என்றால் எல்லாருக்கும் முனிச்தான் ஞாபகத்துக்கு வரும். பெரிய கூடாரம், ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளை, மேசைமேல் ஏறி ஆட்டம். எர்லாங்கனில் வேலை பார்க்கும் என் நண்பனுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. "அதெல்லாம் டூரிஸ்டுக்குடா மச்சான். பீர் எங்க பொறந்து எங்க தூங்குதுன்னு பாக்கணும்னா இங்க வா" என்று போன வருடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். இந்த ஜூனில்தான் வாய்த்தது.

அவன் சொல்லும் 'இங்க' ஃபிராங்கோனியா. வரைபடத்தில் பவேரியாவின் வடக்குப் பகுதி. பவேரியாவோடு சேர்ந்தது 1800களின் தொடக்கத்தில்தான், அதனால் "நீங்கள் பவேரியர்தானே" என்று கேட்டால் முகம் கொஞ்சம் சுருங்கும். இதில் மேல் ஃபிராங்கோனியா என்ற ஒரு மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ப்ரூவரிகள், அதாவது பீர் காய்ச்சும் கூடங்கள், இருக்கின்றன. பல இடங்களில் காய்ச்சுபவரும் கடை நடத்துபவரும் சமைப்பவரும் ஒரே குடும்பம். ஊரைத் தாண்டி அந்தப் பீர் போவதே இல்லை.

முதலில் நூரம்பெர்க் கோட்டைக்குக் கீழே இறங்கினோம். கீழே என்றால் நிஜமாகவே மலைக்குக் கீழே. கோட்டை நிற்கும் மணற்பாறையைக் குடைந்து, அடுக்கு அடுக்காக நிலவறைகள். வழிகாட்டியோடுதான் போக முடியும். வெளியே 27 டிகிரி வெயிலில் கையில் ஜாக்கெட்டோடு வரிசையில் நின்றது கேலிக்கூத்தாக இருந்தது. படி இறங்கி முதல் திருப்பம் தாண்டியதும் எல்லாரும் அதை மாட்டிக்கொண்டோம். உள்ளே வருடம் முழுக்க 8 முதல் 12 டிகிரிதான். சுவரில் கையை வைத்தால் ஈரம். விரலில் மணல் ஒட்டுகிறது. உளி விழுந்த தடங்கள் சாய்கோடுகளாக வரிசை வரிசையாகத் தெரிகின்றன, வெட்டியவன் எந்தப் பக்கம் நின்றான் என்றுகூடச் சொல்லிவிடலாம். கூரையில் அங்கங்கே மேல்நோக்கிப் போகும் காற்றுத் துளைகள். நகரின் பழைய வீடுகளுக்கு நடுவே எங்கேயோ போய்த் திறக்கின்றன.

1380-லேயே நகர சபை உத்தரவு போட்டிருக்கிறது: பீர் காய்ச்சி விற்க வேண்டுமானால் சொந்தமாக நிலவறை இருக்க வேண்டும். அன்றைக்கு இது ஆடம்பரம் இல்லை. பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்டில் இரண்டு வகை. ஒன்று இளஞ்சூட்டில், மேலே மிதந்துகொண்டு வேகமாக வேலை பார்க்கும். இன்னொன்று குளிரில், அடியில் படிந்து, நிதானமாக வேலை பார்க்கும், அப்புறம் வாரக்கணக்கில் ஓய்வும் கேட்கும். இந்த ஊர்க்காரர்களுக்குப் பிடித்தது இரண்டாவது வகை. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் கோடையிலும் குளிர் கிடைக்கும் இடம் பாறையின் வயிறு மட்டும்தான். அதுவும் போதாமல் குளிர்காலத்தில் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி வந்து உள்ளே அடுக்குவார்களாம். தெற்கே பவேரியாவில் 1553-இல் டியூக் ஆல்பிரெக்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது என்று தடை. வெயிலில் காய்ச்சினால் கெட்டுப்போகும், கொப்பரைக்குக் கீழே எரியும் நெருப்பு ஊரையே கொளுத்தும். ஆக, கோடையில் குடிக்க வேண்டிய மொத்தப் பீரும் மார்ச்சுக்குள் காய்ச்சி, நிலவறைக்குள் போயாக வேண்டும்.

நான் இந்தப் பயணத்தில் பார்க்கப் போகும் மரம், மேசை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒரு குளிர்தான் என்று நண்பன் அங்கேயே சொன்னான். அப்போது எனக்கு அது புரியவில்லை.

பீருக்காக வெட்டிய இதே பாறைதான் போரில் மனிதர்களைக் காத்தது. 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் மேலே பழைய நகரம் தரைமட்டம். கீழே ஆயிரக்கணக்கானவர்கள் உயிரோடு இருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு பழைய பீர் நிலவறையைக் கலைப்பொருள் காப்பறையாக மாற்றியிருந்தார்கள். போலந்தின் கிராகோவிலிருந்து நாஜிகள் எடுத்து வந்த ஃபைட் ஷ்டோஸ் செதுக்கிய பெரிய மரப் பலிபீடம் போர் முடியும்வரை அங்கேதான் இருந்தது. வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதையும் தெளிவாகவே சொன்னார்.

வெளியே வந்து ஆல்ட்ஷ்டாட்ஹோஃப் என்ற சின்ன ப்ரூவரியில் சிவப்பு பீர் குடித்தோம். 1984-இல் தொடங்கிய கடை, ஆனால் ரோட்பியர் எனப்படும் சிவப்பு பீர் நூரம்பெர்கின் பழைய வகை. செம்பு நிறம், வறுத்த தானிய வாசனை, கசப்பு குறைவு. முதல் நாளுக்கு நல்ல தொடக்கம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இந்த ஊர் சாசேஜ் விரல் நீளம்தான், உள்ளே மார்ஜோரம் இலை. வட்ட ரொட்டியைப் பிளந்து மூன்றை உள்ளே வைத்துத் தருவார்கள். தெருவோரம் நின்றபடி தின்றது அருமை. ராத்திரி சதுக்கத்தில் ஒரு பெரிய கடையில் உட்கார்ந்து, தகரத் தட்டில் அதையே கேட்டோம், ஆறிப்போய் வந்தது. கடையின் பெயர் வேண்டாம். ஜெர்மனியின் முதல் ரயில் 1835-இல் இங்கிருந்து ஃபூர்த்துக்கு ஓடியது, மறுவருடமே அதில் பீப்பாய் பீர் ஏற்றி அனுப்பினார்கள் என்று நண்பன் சொல்லிக்கொண்டே வந்ததில் ஆறிப்போனதைக் கவனிக்காமல் தின்றுவிட்டேன்.

வெள்ளி, பாம்பெர்க்

முக்கால் மணி நேர ரயில். பாம்பெர்க் ஏழு குன்றுகள்மேல் இருக்கும் ஊர். போரில் பெரிதாக அடிபடவில்லை. 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆற்றுக்கு நடுவே பாலத்தின்மேல் கட்டிய பழைய நகர மன்றம், நான்கு கோபுரக் கதீட்ரல், அதற்குள் போப் இரண்டாம் கிளெமென்டின் கல்லறை என்று பார்க்க நிறைய உண்டு. எல்லாவற்றையும் காலையிலேயே வேகமாகப் பார்த்து முடித்தோம். காரணம், பதினொன்றரைக்கு முன்னால் போனால்தான் ஷ்லெங்கர்லா என்ற மதுக்கடையில் இடம் கிடைக்கும்.

கதீட்ரலுக்குக் கீழே குறுகலான தெருவில், மரச்சட்டங்கள் வெளியே தெரியும் பழைய வீடு. ஜன்னல்களில் சிவப்புப் பூக்கள். 1405-ஆம் வருட ஆவணத்திலேயே இந்த மதுக்கடை பற்றிய குறிப்பு உண்டு. கைகளை ஆட்டி ஆட்டி ஒருமாதிரி நடந்த பழைய முதலாளி ஒருவருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் கடைக்கே நிலைத்துவிட்டது. கதவைத் திறந்தால் கற்தளம் போட்ட நடைகூடம். அங்கே ஒரு சின்ன ஜன்னல். உள்ளே உட்கார விரும்பாதவர்கள் அதில் பீர் வாங்கி, கிளாசுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தெருவில் நின்று குடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தெருவில் கோட்டு சூட்டு போட்டவர், சைக்கிள்காரர், ஒரு கல்யாணக் கோஷ்டி எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். தெரு மொத்தமும் புகை வாசம்.

இடப்பக்க அறைக்குள் போனோம். கூரையில் கருத்துப்போன உத்தரங்கள், சுற்றிலும் மரப்பலகை, நீள மேசைகள். உடை மாட்ட ஆணிகள். பாட்டு கிடையாது. டிவி கிடையாது. பேச்சுச் சத்தம் மட்டும்தான். காலி மேசைக்காகக் காத்திருப்பது இங்கே வழக்கமில்லை. காலி நாற்காலி இருந்தால் "இங்கே யாராவது வருகிறார்களா" என்று கேட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். நாங்கள் உட்கார்ந்த மேசையில் ஏற்கெனவே இரண்டு பெரியவர்கள். தலையசைத்தார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய நண்பர் ஒருவர் வந்தார். யாருக்கும் கை கொடுக்கவில்லை, விரல் முட்டியால் மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். எங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வணக்கம் என்று நண்பன் காதில் சொன்னான். நானும் பதிலுக்குத் தட்டினேன். அதன் பிறகுதான் பெரியவர்கள் எங்கள் பக்கம் திரும்பிப் பேசினார்கள்.

கவுன்ட்டர்மேல் மரப்பீப்பாய். வாயு அழுத்தம் எதுவும் இல்லை, பீர் தன் பாரத்தாலேயே இறங்குகிறது. நாங்கள் இருக்கும்போதே ஒரு பீப்பாய் தீர்ந்தது. தோல் ஏப்ரன் கட்டியவர் காலிப் பீப்பாயை உருட்டிவிட்டு, புதியதைத் தூக்கி வைத்தார். பித்தளைக் குழாயின் முனையை அடைப்புக்கு நேரே பிடித்து, மரச்சுத்தியால் ஓங்கி ஒரு அடி, அப்புறம் இறுக்க இரண்டு அடி. அறையில் பேச்சு ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முதல் கிளாசில் பாதி நுரை. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை நிரப்பினார். நுரை அடங்கட்டும் என்று அவர் காத்திருந்த அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

சரி, ரவுக்பியர். அதாவது புகை பீர். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, அந்த முளைத் தானியத்தை உலர்த்துவார்கள், அதுதான் மால்ட். இவர்கள் உலர்த்துவது பீச் மர விறகின் நெருப்பில். புகை தானியத்துக்குள் ஊடுருவி ஏறுகிறது. பழைய காலத்தில் வெயிலில் காயவைக்காத எல்லா மால்ட்டுக்கும் இந்தப் புகை வாசம் இருந்திருக்கும். புகைபடாமல் சூடான காற்றை மட்டும் அனுப்பும் உலைகள் வந்ததும் உலகம் மாறிக்கொண்டது. இந்த ஊரில் இரண்டு வீடுகள் மட்டும் மாறவில்லை. ஒன்று இது, இன்னொன்று நாளைக்கு.

நிறம் கறுப்புக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பு. 5.1 சதவீத ஆல்கஹால். வாய்க்குக் கொண்டு போகும் முன்பே மூக்கில் ஏறுகிறது. மழைநாளில் ஈர விறகை வைத்து ஊதிய அடுப்படி வாசம். முதல் மடக்கில் புகைபோட்ட பன்றி இறைச்சி, அதற்குப் பின்னால்தான் மால்ட்டின் இனிப்பு. எனக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லை. முகத்தைப் பார்த்து மேசைப் பெரியவர் சிரித்தார். மூன்றாவது கிளாசில்தான் தெரியும் என்று இந்த ஊரில் எல்லாரும் சொல்வதையே அவரும் சொன்னார். வியாபாரத் தந்திரம் என்று நினைத்தேன். அரை கிளாஸ் போனதும் நாக்கு புகைக்குப் பழகிவிட்டது, இரண்டாவதில் புகை பின்னால் போய் பீர் முன்னால் வந்துவிட்டது. மூன்றாவதைக் கேட்கவில்லை. மதியம் பன்னிரண்டரைக்கு மூன்று என்றால் மிச்ச நாள் போய்விடும்.

சாப்பாட்டுக்கு பாம்பெர்க் வெங்காயம் கேட்டோம். கைப்பிடி அளவுப் பெரிய வெங்காயத்தைக் குடைந்து, கொத்திய பன்றி இறைச்சியை நிரப்பி, அடுப்பில் வேகவைத்துக் கொண்டுவருகிறார்கள். மேலே பேக்கன் ஒரு துண்டு, சுற்றிலும் அதே புகை பீரில் செய்த பழுப்புக் குழம்பு, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. வெங்காயத்தின் வெளி அடுக்கு கத்தி பட்டதும் வழுக்கிப் பிரிகிறது, உள் அடுக்கு இனித்துப்போயிருக்கிறது. காரம் என்று ஒன்றும் கிடையாது, ஆனால் தேடவும் இல்லை. அந்தக் குழம்பைத் தொட்டு உருளைக்கிழங்கைத் தின்றபோதுதான் பீரின் புகைக்கு ஒரு அர்த்தம் கிடைத்தது. வெறும் வயிற்றில் அதைக் குடித்துப் பார்த்துவிட்டு "நல்லாவே இல்லை" என்று எழுதுபவர்கள் மேல் எனக்கு இனி நம்பிக்கை இல்லை.

பில் என்று தாள் வரவில்லை. பரிமாறியவர் பீர் அட்டையில் பென்சிலால் போட்ட கோடுகளை எண்ணி, சாப்பாட்டைக் கேட்டுக் கூட்டிச் சொன்னார். டிப்ஸை மேசையில் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் இல்லை. மொத்தத்தை நாமே முழு எண்ணாக உயர்த்திச் சொல்லிப் பணம் கொடுக்க வேண்டும். கையில் ரொக்கம் இருப்பது நல்லது.

சனி, பாம்பெர்க், மேலேயும் கீழேயும்

இரண்டாவது புகைவீடு ஷ்பெட்சியால், ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் வழியில். 1536-லிருந்து இருக்கிறது. சொந்தமாகவே மால்ட் தயாரிக்கிறார்கள். காலை பதினோரு மணிக்குப் போனால் உள்ளே முழுக்க உள்ளூர்க்காரர்கள். மூலையில் வழக்கமாக வருபவர்களுக்கென்றே ஒரு மேசை, அதற்கு மேலே பலகை. தெரியாமல்கூட அதில் உட்காரக் கூடாது. ஒருவர் நாளிதழை மரக்கோலில் செருகிப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி தனியாக வந்து, ஒரு அரை லிட்டர் குடித்து, பக்கத்து மேசைக்காரரிடம் யாருடைய முழங்கால் அறுவைச் சிகிச்சையையோ விசாரித்துவிட்டு, காய்கறிப் பையோடு கிளம்பினார். டாஸ்மாக் வாசலை வேகமாகக் கடந்தே பழகிய கால்கள் எனக்கு. அந்தக் காய்கறிப் பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர்களுடைய பீரில் புகை இருக்கிறது, ஆனால் ஓரமாக நிற்கிறது. அம்பர் நிறம், மெல்லிய இனிப்பு, விழுங்கியபின் லேசாக ஒரு புகை இழை. என்னைக் கேட்டால் நேற்றையது பேர் பெற்றது, இதுதான் குடிப்பதற்கானது. நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "புகைன்னா புகையா இருக்கணும்டா. இது சும்மா அறிமுகம்" என்றான். இதைப் பற்றி ஊரிலேயே சண்டை உண்டாம்.

தெருவுக்கு நேர் எதிரே ஃபெஸ்லா என்ற இன்னொரு ப்ரூவரி. 1649, அதாவது முப்பதாண்டுப் போர் முடிந்த மறுவருடம் தொடங்கியது. பீப்பாயை உருட்டும் குள்ளன்தான் அதன் சின்னம். நுழைவு நடையிலேயே நின்று ஒன்று குடித்துவிட்டு நகர்ந்தோம்.

மாலைதான் நான் காத்திருந்தது. ஆற்றைத் தாண்டி ஷ்டெஃபான்ஸ்பெர்க் குன்றில் ஏறினோம். ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும். இந்தக் குன்றின் வயிறு முழுக்க பழைய பீர் நிலவறைகள். உச்சியில் வானாய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் ஷ்பெட்சியாலின் கெல்லர். கெல்லர் என்றால் நிலவறை, ஆனால் உட்காருவது நிலவறைக்குள் இல்லை. நிலவறை காலுக்குக் கீழே, நாம் அதன் தலைமேல், மரத்தடியில்.

வியாழன் புரியாதது இங்கே புரிந்தது. கீழே இருக்கும் குளிர் கோடையிலும் நிற்க வேண்டுமானால் மேலே வெயில் படக் கூடாது. அதனால் குதிரைக் கஷ்கொட்டை மரங்களை நட்டார்கள். விரிந்த இலை, அடர்ந்த நிழல், வேர் ஆழமாக இறங்கி நிலவறைக் கூரையைப் பிளக்காது. தரையில் சரளைக்கல் பரப்பினார்கள். பீர் இருக்கும் இடத்தில் நிழலும் இருந்தால் ஜனம் சும்மா இருக்குமா? பீப்பாயை வண்டியில் ஏற்றி ஊருக்குள் இறக்குவதை விட, தாகம் எடுத்தவர்கள் மேலே ஏறி வந்துவிட்டார்கள். யாரோ பெஞ்சு போட்டார்கள். முனிச்சில் இதே கதை நடந்தபோது ஊருக்குள் கடை வைத்திருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். 1812-இல் அரசர் மாக்ஸிமிலியான் ஒரு சமரசம் செய்தார்: கோடையில் நிலவறை வாசலில் பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர சாப்பாடு விற்கக் கூடாது. அதனால் வந்தவர்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தடை எப்போதோ போய்விட்டது, கட்டுச்சோறு மட்டும் இன்னும் போகவில்லை.

1870களில் லிண்டே என்ற பொறியாளர் குளிர்விக்கும் இயந்திரத்தை உருவாக்கி முனிச் ப்ரூவரி ஒன்றில் பொருத்தியதும் இந்த நிலவறைகளுக்கு வேலை போய்விட்டது. எந்தக் காரணத்துக்காக மரம் நட்டார்களோ அந்தக் காரணம் போனது. மரமும் பெஞ்சும் நின்றுவிட்டன.

இங்கே பரிமாறுபவர் வரமாட்டார். ஜன்னலில் பீர், இன்னொரு ஜன்னலில் சாப்பாடு. கல்மண் குவளையில் ஊற்றித் தருகிறார்கள். அரை லிட்டர்தான், இந்தப் பக்கத்துப் பேச்சில் அதற்கு ஸைட்லா. குவளைக்குள் என்ன நிறம் என்று தெரியாது, குளிர் மட்டும் சுவரில் பிடித்து நிற்கும். தொட்டுக்கொள்ள கெருப்ஃப்டர் வாங்கினோம். கனிந்த கமம்பேர் சீஸை வெண்ணெயோடு பிசைந்து, வெங்காயம், மிளகாய்த்தூள் சேர்த்தது. மிளகாய்த்தூள் என்றதும் ஆவலாகப் பார்த்தேன், நிறத்துக்குத்தான். கறுத்த ரொட்டியில் தடவி, மேலே பச்சை வெங்காயத் துண்டு வைத்துத் தின்ன வேண்டும். கூடவே துருவிய குதிரைமுள்ளங்கி ஒரு சிட்டிகை. அது நாக்கைத் தொடாமல் நேராக மூக்குக்குப் போய் கண்ணில் நீர் வரவைக்கிறது. இந்த ஊரில் நான் கண்ட ஒரே காரம்.

எதிரே கதீட்ரலின் நான்கு கோபுரங்கள், அந்தப் பக்கம் மிஷேல்ஸ்பெர்க் மடாலயம். ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது. பக்கத்து மேசையில் மூன்று தலைமுறை. பேரனுக்கு ஆப்பிள் சாற்றில் சோடா கலந்து ஒரு பெரிய கிளாஸ். பாட்டிக்கு அதைவிடப் பெரியதாக பீர். சத்தம் போட்டவர் ஒருவரும் இல்லை.

ஞாயிறு, ஃபோர்க்ஹைம்

எர்லாங்கனுக்கும் பாம்பெர்குக்கும் நடுவில் ஃபோர்க்ஹைம். இன்று நண்பனின் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஊருக்கு வெளியே காட்டுச் சரிவு, அதன் பெயரே கெல்லர்வால்ட், நிலவறைக் காடு. இருபதுக்கும் மேற்பட்ட கெல்லர்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்று. 1840 முதல் ஜூலைக் கடைசியில் புனித அன்னாவின் பெயரால் இங்கே பெரிய திருவிழா நடக்கிறது, அப்போது கால் வைக்க இடமிருக்காதாம். ஜூன் ஞாயிறில் அதெல்லாம் இல்லை. நடைபோகிறவர்கள், நாய்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள்.

நண்பனின் மனைவி சைவம். கையில் பெரிய டிபன் பை. "அண்ணா, இங்க சைவம்னா மூணே ஐட்டம்தான். சீஸ், ரொட்டி, முள்ளங்கி. மொத வருஷமே முடிவு பண்ணிட்டேன், புளியோதரை இல்லாம வர்றதில்லன்னு" என்றார். கட்டுச்சோறு எல்லாக் கெல்லரிலும் செல்லாது, கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் உட்கார்ந்த இடத்தில் பீரை அவர்களிடம் வாங்கினால் போதும். பக்கத்து மேசைக் குடும்பம் கட்டம்போட்ட துணியை விரித்து, வீட்டுப் பலகை, வீட்டுக் கத்தி எல்லாம் எடுத்து வைத்தது. அந்த வீட்டுத் தாத்தா வெள்ளை முள்ளங்கியைக் கத்தியில் திருகித் திருகி, அறுபடாத சுருளாக இழுத்து, உப்புத் தூவி, தண்ணீர் விடட்டும் என்று ஓரமாக வைத்தார். எங்கள் எவர்சில்வர் டப்பாவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருநூறு வருடமாக இதுதானே நடக்கிறது.

நானும் நண்பனும் ஷொய்ஃபர்லா கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபிராங்கோனியாவில் வேறெதுவும் கேட்பது மரியாதை இல்லை என்றான். பன்றியின் தோள்பட்டைக் கறியை, தட்டை எலும்போடும் தோலோடும், மணிக்கணக்கில் அடுப்பில் வேகவைப்பது. தோலில் கட்டம் கட்டமாகக் கீறியிருப்பார்கள், வெந்து முடியும்போது ஒவ்வொரு கட்டமும் தனியாக உப்பி நிற்கும். கத்தியின் பின்பக்கத்தால் தட்டினால் டொக்கென்று சத்தம் வர வேண்டும். அப்படி வந்தால்தான் பதம். எங்களுக்கு வந்தது. கறி எலும்பை விட்டுத் தானாகவே கழன்றது. பக்கத்தில் உருளைக்கிழங்கு உருண்டை ஒன்று, கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது. நடுவில் வெண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகள். உருண்டைக்கு என்று தனியாக ருசி கிடையாது, குழம்பை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. குழம்பு தீர்ந்தபின் பாதி உருண்டை மிச்சம் இருந்தது. புளியோதரைப் பக்கம் கை நீட்டினேன். "கறி சாப்பிட்ட ஸ்பூனோட டப்பால கை வைக்காதீங்கண்ணா" என்று வேறு ஸ்பூன் வந்தது.

இங்கே கொடுத்தது வடிகட்டாத கெல்லர்பியர். கலங்கலாக, நுரை குறைவாக, ஈஸ்ட் வாசத்தோடு. இந்த வகையைத்தான் இந்தப் பயணத்தில் எனக்கு அதிகம் பிடித்தது. புளியோதரையோடும் ஒத்துப்போகிறது. எள், பெருங்காய வாசனையை அது அழுத்தவில்லை.

சாப்பாடு முடிந்து பையன் நிலவறையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தான். கூட்டம் குறைந்திருந்ததால் கடைக்காரர் சரிவில் இருந்த மரக்கதவைத் திறந்துவிட்டார். முதலில் கணுக்காலில்தான் குளிர் பட்டது, அப்புறம்தான் முகத்துக்கு ஏறியது. உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் சுரங்கம், பாறையில் அதே சாய்கோட்டு உளித் தடங்கள். முன்பகுதியில் எஃகுப் பீப்பாய்களும், பக்கத்தில் பெட்டி நிறைய முள்ளங்கியும். "ஃபிரிட்ஜ் எதுக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். அவருக்கு அது கேள்வியே இல்லை. பையன் "ஊ" என்று கத்திப் பார்த்தான். எதிரொலி பெரிதாக இல்லை. மணற்பாறை சத்தத்தைத் தின்றுவிட்டது. அவனுக்கு ஏமாற்றம்.

திங்கள், பாம்பெர்க் மறுபடி

திங்கட்கிழமை இந்தப் பக்கம் சில கடைகளுக்கு ஓய்வு நாள். கதவில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு நடக்கவும். மதியம் மார்ஸ் ப்ரொய் என்ற ப்ரூவரிக்குப் போனோம், ஊரின் வுண்டர்புர்க் பகுதியில். இங்கே 'ஆ ஊ' என்று கேட்டால் போதும். தொட்டியின் மூடியை இறுக்காமல் விட்டு, வாயுவை வெளியேறவிட்டு முதிரவைத்த பீர் வரும். மேசையில் நாங்கள் அப்படிக் கேட்டதும் பரிமாறியவர் முதல்முறையாகச் சிரித்தார். வாயில் குத்தவே இல்லை, மெத்தென்று இறங்கியது. வயிறும் உப்பவில்லை. இந்த வகைகள் பாட்டிலில் அடைத்து வெளியூர் போனால் பாதி குணம் போய்விடும் என்று நண்பன் சொல்கிறான். புகை பீர் அப்படி இல்லை, நன்றாகவே தாங்கும். அதனால் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே இரண்டு பாட்டில் சுருட்டி வைத்திருக்கிறேன்.

ரயிலுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. ஸ்டேஷன் நடை தூரம்தான். "இன்னொரு ஊ?" என்கிறான். சரி.